பூட்டி வைத்த 128 ஷேடர்கள்: என் 6950 கார்டுடன் மூன்று ஆண்டுகள்

என் கிராஃபிக்ஸ் கார்டின் மேல்விளிம்பில், இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்ட உதவும் கிராஸ்ஃபயர் இணைப்புகளுக்குப் பக்கத்தில், அரிசி மணி அளவில் ஒரு சுவிட்ச் இருந்தது. 2011 ஏப்ரலில் வாங்கிய ரேடியான் எச்டி 6950 கார்டை, அதைவிட விலை கூடிய 6970 ஆக மாற்றிப் பார்க்கும் துணிவை எனக்குக் கொடுத்தது அந்தச் சுவிட்ச்தான். கார்டு எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸ் சிப்புகள் அந்தக் கார்டில் இரண்டு உண்டு. ஒன்றில் நாம் எழுதலாம், மற்றொன்று நிறுவனம் எழுதிப் பூட்டியது. எழுதும்போது எது கெட்டாலும், சுவிட்சை நகர்த்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

மாற்றம் ஏன் சாத்தியமாயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். 6950, 6970 இரண்டிலும் இருந்தது கேமன் என்ற ஒரே சிப். அதில் 24 கணக்கீட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு 64 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) வீதம் 1536 ஷேடர்கள். 6950-இல் இரண்டு பிரிவுகளை அடைத்து 1408 ஆக்கியிருந்தார்கள். தயாரிப்பில் ஓரிரு பிரிவுகள் பழுதான சிப்பை வீணாக்காமல் விற்க இது நல்ல வழி. ஆனால் உற்பத்தி சீராகி நல்ல சிப்புகள் பெருகும்போதும், விலை குறைந்த கார்டைக் கேட்பவர்கள் குறைவதில்லை. அதனால் பழுதே இல்லாத சிப்புகளும் அடைக்கப்பட்டு 6950 என்ற பெயரில் வெளிவரும். தொடக்க விலை 299 டாலருக்கும் 369 டாலருக்கும் இடைப்பட்ட அந்த வித்தியாசம் முழுவதும் சிப்பில் இல்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. 2010 டிசம்பரில் கார்டு வெளிவந்தது. அந்த மாதம் முடிவதற்குள், பூட்டு பயாஸில்தான் இருக்கிறது என்பதை டெக்பவர்அப் தளம் செய்து காட்டிவிட்டது.

அப்போது நான் மதுரையில் இருந்தேன், மின்வெட்டு மிகுந்திருந்த காலம். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளால் பழைய பயாஸைச் சேமித்து, பென்டிரைவில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தை ஏற்றி, 6970-இன் பயாஸை எழுதத் தொடங்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. யுபிஎஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நேரத்தைப் பார்க்கவில்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போயிற்று, பழைய பேட்டரி சில நொடிகூடத் தாங்கவில்லை. மின்சாரம் வந்தபின் கணினியைப் போட்டால் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைந்தது, திரையில் எதுவும் வரவில்லை. கேபினெட்டைத் திறந்து சுவிட்சைப் பூட்டிய பயாஸின் பக்கம் நகர்த்தினேன், திரை வந்தது. பிறகு டாஸ் வரைக்கும் போய், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்சில் முனையால் சுவிட்சை முதல் நிலைக்குத் தள்ளி, மறுபடியும் எழுதினேன். அடுத்த முறை திறந்தபோது ஜிபியு-இஸட்டில் 1536 என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த மகிழ்ச்சியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

மகிழ்ச்சி மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள், இரண்டு மணி நேரம் விளையாடிய பிறகு, இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னத் தொடங்கின. திறந்த ஷேடர்கள் பழுது என்று முதலில் நினைத்தேன், அது தவறு. 6970-இன் பயாஸ் ஷேடர்களைத் திறப்பதோடு நிற்பதில்லை. மெமரியையும் 1250 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1375-க்கு ஏற்றிவிடுகிறது. 6950-இல் பொருத்தியிருந்த மெமரி சிப்புகள் 1250-க்கு உரியவை, 6970-இல் இருந்தவை அதைவிட வேகமானவை. ஆக, சிப் ஒன்றுதான் என்றாலும் கார்டு ஒன்றல்ல. எழுதிய அன்றே எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று நான் இன்றும் எல்லோரிடமும் சொல்வது அந்தப் புள்ளிகளைப் பார்த்ததால்தான். குறைந்தது ஒரு வாரம், நீங்கள் உண்மையில் விளையாடும் விளையாட்டுகளிலேயே, நீங்கள் உண்மையில் விளையாடும் நேரத்துக்குச் சோதிக்க வேண்டும்.

அதன்பின் செய்ததே சரியான முறை என்று நினைக்கிறேன். 6950-இன் சொந்த பயாஸையே எடுத்து, அதில் ஷேடர் பூட்டை மட்டும் நீக்கி, வேகமும் வோல்டேஜும் பழையபடியே இருக்கும்படி எழுதினேன். புள்ளிகள் மறைந்தன. அங்கிருந்து ஆஃப்டர்பர்னர் மென்பொருளால் கோரின் (கணக்கிடும் சிப்பின்) வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸிலிருந்து பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கார்டுக்கு மதிப்பெண் தரும் ஹெவன் சோதனையை அரை மணி நேரம் ஓடவிட்டேன். வோல்டேஜைத் தொடாமலே 860 வரை வந்தது. 6970-இன் 880-க்கு 1.1 வோல்ட் போதவில்லை, 1.15 தேவைப்பட்டது. கணக்குப் பார்த்தால் ஷேடர் எண்ணிக்கையில் 9 சதவீதமும் வேகத்தில் 10 சதவீதமும் கூடின. விளையாட்டில் பெரும்பகுதி பலன் வேகத்தால் வந்ததே தவிர, இத்தனை பாடுபட்டுத் திறந்த ஷேடர்களால் வந்தது சொற்பம்.

மெமரியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்தக் கார்டுகளில் இருந்த ஜிடிடிஆர்5 வகை மெமரியில் தரவு பிழையாகப் போனால் அதைக் கண்டுபிடித்து மறுபடியும் அனுப்பும் ஏற்பாடு உண்டு. எனவே சற்று அதிகமாக ஏற்றினாலும் திரை உடனே கெடாது. படம் சுத்தமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே திரும்ப அனுப்புவதில் நேரம் வீணாகி வேகம் குறையும். என் கார்டில் 1320-இல் கிடைத்த மதிப்பெண் 1290-இல் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது. படம் நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் 1320-ஐ வெற்றி என்று எடுத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு படியின் மதிப்பெண்ணையும் நோட்டில் எழுதி வைத்ததால்தான் அது தெரியவந்தது.

மே மாதம் வந்தது. மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு, 880-இல் ஓடிய கார்டு 93 டிகிரியைத் தொட்டது. வோல்டேஜைப் பழைய அளவுக்கு இறக்கி 840-இல் நிறுத்தினேன். கோடை முழுவதும் அப்படித்தான் ஓடியது, மார்கழியில் மறுபடியும் ஏற்றிக்கொண்டேன். மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும்: 6950-க்கு ஆறு பின் கொண்ட இரண்டு மின் இணைப்புகளும் மதர்போர்டின் ஸ்லாட்டும் சேர்ந்து 225 வாட் தரும் ஏற்பாடு, 6970-இல் அந்த இரண்டில் ஒன்று எட்டு பின், அதனால் 300 வாட். மலிவான எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குபவர்களை நான் எப்போதும் தடுத்திருக்கிறேன்.

எல்லாச் சிப்பும் திறக்காது என்பதை அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கற்றிருந்தேன். 2005-இல் என்னிடம் ஜிஃபோர்ஸ் 6800 கார்டு இருந்தது. ரிவாட்யூனர் மென்பொருளில் ஒரு குறியிட்டாலே அடைத்திருந்த நான்கு பிக்சல் பைப்லைன்களும் (திரைப் புள்ளிகளைக் கணக்கிடும் பிரிவுகள்) திறந்து 12 என்பது 16 ஆகிவிடும். என் கார்டிலும் ஆயிற்று; ஆனால் திரை முழுவதும் சிறுசிறு கட்டங்களாகச் சிதறியது. அந்த நான்கும் உண்மையிலேயே பழுது. அடைத்திருந்த ஆறாவது வெர்டெக்ஸ் பிரிவை (வடிவங்களைக் கணக்கிடுவது) மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன்.

இதே வேலையை வைத்து மற்றவர்களை ஏமாற்றியவர்களும் உண்டு, அதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 2012-இல் என் நண்பர் பழைய 6970 என்று சொல்லி விற்கப்பட்ட கார்டு ஒன்றை வாங்கி வந்தார். மென்பொருள் 6970 என்றே காட்டியது, 1536 ஷேடர்களும் இருந்தன. அரை மணி நேரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கேபினெட்டைத் திறந்து பார்த்தபோது கார்டின் ஓரத்தில் இரண்டும் ஆறு பின் இணைப்புகளே இருந்தன. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. சுவிட்சை நகர்த்தி, ஷேடர் மட்டும் திறந்த பயாஸை எழுதிக் கொடுத்தேன். கார்டு நலமாக ஓடியது, அவர் கூடுதலாகக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

2014-இல் நான் என் கார்டை ஒரு கல்லூரி மாணவருக்கு விற்றேன். சுவிட்சைப் பூட்டிய பயாஸின் பக்கம் வைத்து, 6950 என்று அச்சிட்ட அதன் பெட்டியிலேயே கொடுத்தேன். கூடவே இரண்டு பயாஸ் கோப்புகளும் இருந்த பென்டிரைவையும், அளவுகள் எழுதிய நோட்டுத்தாளையும் சேர்த்து வைத்தேன். தாளின் தலைப்பில், மெமரியை 1290-க்கு மேல் ஏற்றாதீர்கள், எழுதும் முன் மின்வெட்டு நேரத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன்.