மடக்கு ஸ்பூன் சாம்பார் சாதத்தில் மடங்கிவிடுகிறது, சரிசெய்ய வழி உண்டா?

அரசலாறு:

பொங்கல் கழிந்த வாரம் நாங்கள் மூன்று பேர் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றை ஒட்டியே சைக்கிளில் போய்வந்தோம், ஒரு பக்கத்துக்கு சுமார் 130 கிலோமீட்டர். இரண்டு ராத்திரி வெளியில் தங்கல். ஒன்று திருவையாற்றுக்கு முன்னால் நண்பனுடைய வாழைப்படுகையில், இன்னொன்று குத்தாலம் பக்கம் சித்தப்பா வீட்டுக் களத்தில். மேட்டூர் அணையில் அப்போது தண்ணீரை அடைக்கவில்லை, அதனால் ஆற்று மணலில் படுக்கிற எண்ணமே வைக்கவில்லை. சமையல் எல்லாம் நாங்களே, சின்ன கேஸ் அடுப்பில்.

பை சின்னது என்று ஆன்லைனில் மடக்குகிற ஸ்பூன், ஃபோர்க், கத்தி செட் மூன்றும், அமுக்கினால் தட்டையாகிற சிலிக்கான் கிண்ணம் மூன்றும் வாங்கியிருந்தேன். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் நாள் ராத்திரியே சாம்பார் சாதத்தைக் கிளறும்போது ஸ்பூன் நடுவில் மடங்கி, கொதிக்கிற சாம்பார் கட்டைவிரலில் பட்டது. இரண்டாவது வேளைக்குள் கீல் ஆடத் தொடங்கிவிட்டது. கீலுக்குள் போன பருக்கை எவ்வளவு கழுவினாலும் வரவில்லை, மறுநாள் மதியம் பையைத் திறந்தால் புளித்த வாடை, அதற்கடுத்த நாள் எறும்பு. பூம்புகாரில் ஒரு சாயங்காலம் கடல் காற்றில் கிடந்ததற்கே ஆணியைச் சுற்றித் துருப்புள்ளி வந்துவிட்டது, ஆனால் காம்பில் ஸ்டெயின்லெஸ் என்று அச்சடித்திருக்கிறான். கிண்ணமோ, சூடான ரசம் ஊற்றி விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே சுருங்குகிறது. மூன்று வாரமாகியும் பெருங்காய மணம் போகவில்லை.

இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு டைட்டானியம் வாங்கவா? டிசம்பரில் இமயமலையில் கேதார்கந்தா என்கிற சிகரத்துக்குப் போகிறோம், தட்டு, ஸ்பூன், தம்ளர் அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குடமுருட்டி:

கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும் டீக்கடையே இல்லையா தம்பி? திருவையாற்றைத் தாண்டும்போது ஒரு பொட்டலம் அசோகா அல்வா வாங்கியிருந்தால் ஸ்பூனே வேண்டியிருந்திருக்காது.

அரசலாறு:

அசோகாவும் வாங்கினோம் அண்ணா. அதையும் அந்த ஸ்பூனில்தான் சாப்பிட்டோம், அந்த நெய்தான் கீலுக்குள் இன்னமும் இருக்கிறது.

பழைய ட்யூப்:

காம்பில் முன்னும் பின்னும் நகர்த்துகிற வளையம் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் ஆணி மட்டும்தானா? வளையம் இருந்தால் அதைக் கீலின் மேல் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், நிறைய பேருக்கு அது அலங்காரம் என்று நினைப்பு.

அரசலாறு:

வளையம் எதுவும் இல்லை. தட்டையான ஆணி, இரண்டு பக்கமும் தலை.

பழைய ட்யூப்:

அப்படியென்றால் ஆணி தளர்ந்திருக்கிறது. ஒரு பக்கத்து ஆணித்தலையை அம்மிக்கல்லிலோ இரும்புத் துண்டிலோ படிய வைத்து, மேல் தலையில் சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். நாலு தட்டுக்கு ஒரு தடவை மடக்கிப் பாருங்கள், ஒரே போடாகப் போட்டால் அப்புறம் திறக்கவே திறக்காது. இது ஒரு பயணத்துக்குத் தாங்கும், மறுபடி தளரும்.

நான் செய்வது வேறு. பஞ்சராகிக் கிடக்கிற சைக்கிள் ட்யூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்வேன், அது வளையமாகவே வரும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு ஸ்பூனின் காம்புப் பக்கமாக ஏற்றிவிட்டு, விரித்ததும் கீலின் மேல் இழுத்துவிடுவேன். இறுக்கமாக இருக்க வேண்டும், ரேஸ் சைக்கிளின் ஒல்லி ட்யூப் சரியாக வரும், சாதா ட்யூப் தொளதொளவென்று இருந்தால் இரண்டாக மடித்துப் போடலாம். அடுப்புக்குக் கிட்டே மட்டும் கொண்டுபோகாதீர்கள். கீலுக்குள் சிக்கிய பருக்கைக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும், காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டுத்தான் எடுக்க முடியும்.

பாத்திரக்கடை வாரிசு, கும்பகோணம்:

ஸ்டெயின்லெஸ் என்று அச்சடிப்பதில் எதுவுமே இல்லை சார். கடைக்கு வருகிறவர்கள் காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல்தான் என்று வாங்கிப் போகிறார்கள். 304 என்கிற நல்ல ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, விலை மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது, ஆகவே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த மடக்கு செட்டுகளில் தகடு ஒரு ஸ்டீல், ஆணி இன்னொரு ஸ்டீலாக இருப்பது சகஜம். உப்புக் காற்று பட்டால் துரு முதலில் பிடிப்பது ஆணி இருக்கிற இடுக்கில்தான், அங்கேதான் ஈரமும் தங்கும். கழுவியதும் விரித்து வைத்து வெயிலில் காயவிடுங்கள், மடக்கி வைக்காதீர்கள்.

டைட்டானியம் பற்றி. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் ஏறக்குறைய 8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. ஆக, ஸ்டீலோடு பார்த்தால் எடை பாதிக்குக் கொஞ்சம் மேல், புளிக்கும் அசையாது, துருவும் பிடிக்காது. ஆனால் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஸ்பூனுக்கு இருபது கிராம், அதற்கு ஆயிரத்துக்கு மேல் காசு. பாத்திரம் டைட்டானியத்தில் வாங்கவே வாங்காதீர்கள், வெந்நீர் போடுவதற்கு நல்லது, பொங்கல் கிண்டினால் சூடு பரவாமல் தீ படுகிற இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். வெறும் அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் உள்ளே கறுத்து அரித்துப்போகும், அனடைஸ் செய்தது, அதாவது மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றியது என்றால் பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், போன மாதம் ஒரு பையன் ஊருக்கே பேர்போன சாமான் என்று ஈயச்சொம்பு கேட்டு வந்தான், மலையில் ரசம் வைக்கவாம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வீட்டிலேயே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்து ஓட்டை போட்டவர்கள் எத்தனை பேர், கேம்ப் அடுப்பின் சீறுகிற தீயில் அது என்ன ஆகும்? கொடுக்கவில்லை.

என்னைக் கேட்டால் மடக்குவதே நம் சாப்பாட்டுக்குப் பொருந்தாத யோசனை. பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது சரி. நமக்குக் குழைந்த சாதம், பருப்பு, தயிர் எல்லாம் இடுக்கில் ஒட்டுகிற சாமான். உங்கள் மூன்று பேருக்குத் தேவை ஒரே ஒரு மடங்காத கரண்டி, அதுவும் காம்பைப் பாத்திரத்தின் குறுக்களவுக்கு அறுத்துவிட்டால் பாத்திரத்துக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். அறுத்த முனையை அரத்தால் ராவ மறக்காதீர்கள். சாப்பிடக் கை இருக்கிறது, வாழைப்படுகையில் படுத்துக்கொண்டு கிண்ணம் எதற்கு?

வெண்ணாறு:

கடைக்காரர் சொல்வது படுகைக்குச் சரி, கேதார்கந்தாவுக்குச் சரிவராது. நான் இரண்டு வருடம் முன்பு டிசம்பரில்தான் போனேன். உச்சி சுமார் 12,500 அடி, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே. கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அந்தத் தண்ணீரில் கை கழுவினால் அரை மணி நேரத்துக்கு விரல் உங்களுடையது இல்லை. சப்பாத்திக்குக் கை போதும், பருப்பும் சாதமும் வந்தால் ஸ்பூன் வேண்டும். என்னோடு வந்த பெண்ணிடம் உங்கள் மாதிரியே மடக்கு ஸ்பூன். காலையில் கீலில் பருப்பு உறைந்து திறக்கவே இல்லை, கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றித் திறந்தாள். இன்னொருவர் ஒரு பக்கம் ஸ்பூன், மறுபக்கம் ஃபோர்க் என்றிருக்கிற பிளாஸ்டிக் ஸ்போர்க் கொண்டுவந்தார், பத்து கிராம்கூட இருக்காது, நடுக்கழுத்தில் முறிந்தது. நான் வீட்டு டேபிள் ஸ்பூன்தான் எடுத்துப் போனேன், ஒரு குறையும் இல்லை.

தட்டு வேண்டாம், அதற்குப் பதில் மூடி இறுக்கமாக இருக்கிற எவர்சில்வர் டப்பா ஒன்று. காலையில் உப்புமா அதில், மதியத்துக்குக் கட்டிக்கொடுப்பதும் அதில், ராத்திரி அதுவே தட்டு. தம்ளருக்கு ஒரு பழைய காலுறையை வெட்டிச் சுற்றிவிட்டால் கை சுடாது, டீயும் சீக்கிரம் ஆறாது. டபராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஆற்றிக் குடிக்க அங்கே அவசியமே வராது. அந்த செட்டில் இருக்கிற கத்தியை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், கேஸ் டப்பாவை விமானம், ரயில் இரண்டிலுமே கொண்டுபோகக் கூடாது.

சிலிக்கான் எண்ணெயை இழுத்துக்கொள்ளும், மணம் அதனால்தான். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி ஒரு ராத்திரி விட்டு, கழுவி வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். வாசனை சோப்பு போட்டால் அந்த மணமும் சேர்ந்து ஒட்டும். பெருங்காயம் முழுவதும் போகும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். சுருங்குவதற்கு மருந்து கிடையாது, கீழே வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

அரசலாறு:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். ஆணியை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டியதில் ஒரு ஸ்பூன் நன்றாக இறுகிவிட்டது, இன்னொன்றைக் கொஞ்சம் ஆத்திரத்தில் தட்டிவிட்டேன், அது இனி ஜென்மத்துக்கும் மடங்காது, ஆனால் இப்போது அதுதான் மூன்றில் உருப்படியான ஸ்பூன். ட்யூப் வளையம் போட்ட மூன்றாவதைக் கொண்டு வெண்பொங்கல் கிண்டினேன், மடங்கவில்லை, கீலுக்குள்ளும் அவ்வளவாக எதுவும் போகவில்லை. முதல் தடவை லேசாக ரப்பர் வாடை அடித்தது, வெந்நீரில் போட்டு எடுத்ததும் குறைந்தது.

தெருமுனை நகைக்கடைத் தராசில் எடை போட்டேன், கடைக்காரர் சிரித்தார். மடக்கு செட் 71 கிராம், வீட்டு ஸ்பூன் 34. இதற்கா இவ்வளவு நாள் அலைந்தோம் என்று ஆகிவிட்டது. டிசம்பருக்கு வீட்டு ஸ்பூனும் அம்மாவின் புளியோதரை டப்பாவும்தான், டப்பாவுக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. கிண்ணத்துக்கு சோடா போட்டும் பெருங்காயம் பாதிதான் போயிருக்கிறது. பஞ்சர் ஒட்டும்போது ட்யூப்பை முக்கிப் பார்க்கத் தண்ணீர் வைக்க அது வசதியாக இருக்கிறது, பையில் தட்டையாகவும் கிடக்கிறது.