ஃபேர்ம்வெயர் மாற்ற லினக்ஸ் டிரைவர்: சொந்த ஐஆக்டல் போடலாமா?

கல்லடிப் பொடியன்:
வாவித் தண்ணியின் உப்பை அளக்கும் போர்ட் ஒன்று செய்கிறோம். அதில் உள்ள மைக்ரோகண்ட்ரோலரின் ஃபேர்ம்வெயரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஐ2சி (சிப்புகள் பேசும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக மாற்ற லினக்ஸ் கேர்னல் டிரைவர் வேண்டும். சொந்தமாக ஓர் ஐஆக்டல் (ioctl, புரோகிராம்கள் டிரைவருக்குக் கட்டளை கொடுக்கும் அழைப்பு) வைத்து எழுதினால் மெயின்லைனில் (லினக்ஸின் அதிகாரபூர்வ கேர்னல்) எடுப்பார்களா?

அக்கரைப்பற்று அண்ணன்:
கஷ்டம் தம்பி. யூசர்ஸ்பேஸுக்கு (கேர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்கள்) ஒருக்கா கொடுத்த இடைமுகத்தைப் பிறகு லேசில் மாற்ற முடியாது, ரிவியூவில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். 2022இல் 5.19 கேர்னலோடு ஃபேர்ம்வெயர் அப்லோட் வசதி வந்துவிட்டது, சிஸ்எஃப்எஸ்ஸில் (sysfs, கேர்னல் விபரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) டேட்டா, ஸ்டேட்டஸ், எரர், கேன்சல் ஃபைல்களை அதுவே உண்டாக்கும். நீர் பிரிப்பேர், ரைட் மாதிரி சில ஃபங்ஷன்களை எழுதிக் கொடுத்தால் சரி. ஒன்று, அந்த ரைட் பின்னணியில் ஓடும், அதே நேரம் சென்சர் ரீடிங்கும் போனால் இரண்டும் முட்டும். மியூடெக்ஸ் (ஒன்று முடியும் வரை மற்றதை நிறுத்தி வைக்கும் பூட்டு) போடும்.

கல்முனை வாசி:
பாதியில் கரண்ட் போனால்? இங்கே அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஃபேர்ம்வெயருக்கு இரண்டு ஸ்லொட் (இடம்) வைத்து, வெறும் ஸ்லொட்டில் எழுதி, அதன் டிஜிட்டல் கையொப்பத்தை மைக்ரோகண்ட்ரோலரே சரிபார்த்த பிறகு மாறட்டும். டிரைவரை நம்பி அந்தச் சோதனையை விடாதீர்கள்.

கல்லடிப் பொடியன்:
சரி அண்ணா, வேர்ஷன் நம்பரை எங்கே காட்டுவது?

அக்கரைப்பற்று அண்ணன்:
வாசிக்க மட்டும் ஒரு சிஸ்எஃப்எஸ் ஃபைல். ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்புத்தான், ஏபிஐ (ABI, யூசர்ஸ்பேஸுக்குக் கொடுக்கும் இடைமுகம்) ஆவணத்தையும் அதே பேட்ச் (கோட் மாற்றம்) வரிசையில் அனுப்பும், இல்லாவிட்டால் திருப்பிக் கேட்பார்கள்.