அனோடைஸ் செய்த அலுமினியத்தில் கத்தரிப்பூ நிறம்: சிவப்பும் நீலமும் எப்படிக் கலப்பது?

கேள்வி:
வணக்கம். பெங்களூரில் வீட்டு மாடியில் அனோடைசிங் (ஆசிடில் கரண்ட் செலுத்தி அலுமினியத்தின் மேல் சாயம் பிடிக்கும் படலம் வளர்ப்பது) செய்கிறேன். 6063 ரக அலுமினியத்தில் கடைந்த 3 நாப் (திருகும் குமிழ்), மொத்தப் பரப்பு சுமார் 2 சதுர டெசிமீட்டர். 15 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட், 1 ஆம்பியர், 30 நிமிடம். சிவப்பு, நீல அனோடைசிங் சாயப் பொடி சரிபாதி, லிட்டருக்கு 4 கிராம், 55 டிகிரி. 2 நிமிடத்தில் எடுத்தது பீட்ரூட் சிவப்பு, 10 நிமிடம் விட்டது கருநீலம். டேப் போட்ட (மரை வெட்டிய) துளைகளைச் சுற்றி வெளிறிய கோடுகள் வேறு. கலவை விகிதத்தை மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
துளையைச் சுற்றி வரும் கோடுகளுக்குக் காரணம் ஆசிட். மரைக்குள் தங்கியது சாயத் தொட்டியில் மெல்லக் கசிந்து, வழிந்த தடத்தில் சாயத்தைப் பிடிக்க விடாது. கழுவியதும் ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளைக்குள் தண்ணீர் பீய்ச்சுங்கள். பிறகு லிட்டருக்கு 50 கிராம் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் 2 நிமிடம் ஆட்டி, நுரை நின்றதும் மறுபடி கழுவுங்கள். துண்டு காயவே கூடாது, ஈரத்தோடு சாயத்துக்குப் போக வேண்டும்.

பதில் 2:
விகிதத்தை மாற்றிப் பயனில்லை தம்பி. இரண்டு சாயமும் ஒரே வேகத்தில் படலத்தின் நுண்துளைக்குள் இறங்குவதில்லை. உங்களிடம் இருப்பதில் சிவப்பு முந்துகிறது, நீலம் பிந்தி வந்து அமுக்குகிறது. ஆகவே ஒரே பாத்திரத்தில் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். முதலில் நீலத்தில் 3 நிமிடம், நன்றாகக் கழுவி, பிறகு சிவப்பில் 10 வினாடிக்கு ஒருமுறை தூக்கி வெயிலில் பார்த்து நிறுத்துங்கள். வேகமாகப் பிடிப்பது கடைசியில் வந்தால்தான் கை நிதானத்தில் இருக்கும். முதலில் கழிவுத் துண்டில் பாருங்கள்.

அதைவிடப் பெரிய குறை கரண்ட். 2 சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்றால் 30 நிமிடத்தில் படலம் 4, 5 மைக்ரான்தான் வளரும். அழுத்தமான நிறத்துக்கு 12க்கு மேல் வேண்டும். 2.6 ஆம்பியர், 40 நிமிடம் கொடுங்கள். ஆசிட் சூடேறும், ஐஸ் பாட்டில் போட்டு 20 டிகிரியில் பிடியுங்கள். 25ஐத் தாண்டினால் படலம் மாவு போல உதிரும். பிடிக்கும் கம்பியும் அலுமினியமாக, இறுக்கமாக இருக்கட்டும். நழுவினால் அந்தத் துண்டில் படலமே வளராது. மல்டிமீட்டரின் இரு முனையையும் லேசாக வைத்துப் பாருங்கள், கரண்ட் கடந்தால் படலம் இல்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சாயத்துக்குப் போர் தண்ணீர்தான் எடுத்தேன். கொதிக்க வைக்கும்போது நிறமும் வெளியே வந்துவிடுகிறது.

பதில் 2:
போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் சாயத்தைக் கெடுக்கும். ஆசிட் கலக்கவும், சாயத்துக்கும், சீலிங்குக்கும் (கடைசியில் கொதிக்க வைத்து நுண்துளைகளை மூடுவது) பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரே எடுங்கள். சாயத் தண்ணீரின் பி.எச். 5 முதல் 6க்குள் இருக்கட்டும். ஏறியிருந்தால் வெள்ளை வினிகர் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூடு 60ஐத் தாண்ட விடாதீர்கள், நுண்துளை வாய் மூட ஆரம்பித்துவிடும்.

பதில் 3:
நிறம் கரையாமல் இருக்க ஆவி சீலிங் நல்லது. பழைய இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி நிறைந்த பிறகு, தட்டில் துண்டுகளைத் தண்ணீர் படாமல் வைத்து 40 நிமிடம் மூடுங்கள். அந்தப் பானை இனிச் சமையலுக்கு ஆகாது. மூடியின் உள்பக்கம் துணி கட்டுங்கள், சொட்டும் நீர் விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெளிறும்.