குடும்பக் குழு: பூனை சிண்டு மெத்தையில் சிறுநீர் போகிறான்

தம்பி: சிண்டு நேற்றிலிருந்து மணல் தட்டை விட்டுவிட்டு மெத்தையில் போகிறான். இரண்டு தடவை அதட்டியும் கேட்கவில்லை. எப்படிப் பழக்குவது?

சித்தி: அதட்டாதே தம்பி. சிறுநீர் ஒழுங்காக வருகிறதா, இல்லை முக்கிக்கொண்டே இருக்கிறானா?

தம்பி: கட்டைவிரல் அகல ஈரம்தான். தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறான். மலச்சிக்கல் என்று நினைத்தேன்.

சித்தி: நானும் எங்கள் பழைய பூனைக்கு அப்படித்தான் நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன், இன்னும் மனசு ஆறவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி ரொம்பக் குறுகல், அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். இப்போதே டாக்டரிடம் கிளம்பு. பாராசிட்டமால் கொடுத்துவிடாதே, பூனைக்கு அது விஷம்.

அக்கா: கூடையைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுவானே?

சித்தி: அவன் படுக்கிற துணியை உள்ளே போட்டு, கூடையைத் துண்டால் மூடுங்கள். வயிற்றை அழுத்த வேண்டாம். முக்குவதை வீடியோ எடுத்துக்கொள், அங்கே போனால் பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும், வீட்டில் செய்தது எதையும் செய்யாது. பயந்தால் ரத்தச் சர்க்கரைகூட ஏறிக் காட்டும்.

தம்பி: அடைப்பேதான் சித்தி. மயக்கம் கொடுத்து டியூப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். வீட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார், நாய்க்குட்டி வந்ததைச் சொன்னேன். மன அழுத்தத்திலேயே பூனைக்குச் சிறுநீர்ப்பை வீங்குமாம்.

தம்பி: 📷

சித்தி: ஐயோ, காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து, கண் பாதி இடுங்கி இருக்கிறது பார். வலி இன்னும் விடவில்லை, டாக்டரிடம் காட்டு. காது, கண், மூக்கு வாய்ப் பக்கம், மீசை, தலை, இந்த ஐந்தையும் பார்த்துப் பூனையின் வலியை மதிப்பிடும் முறையை மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள்.

தம்பி: காட்டினேன். வலி ஊசியைக் கூட்டியிருக்கிறார்கள்.

பெரியப்பா: எங்கள் கிழட்டுப் பூனை இப்போதெல்லாம் தூக்கினால் உறுமுகிறான். வயசாகித் திமிர் ஏறிவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

சித்தி: எழுந்திருக்கும்போது தடுமாறுகிறானா அத்தான்? படி?

பெரியப்பா: முதல் படியில் நின்று யோசிக்கிறான். அப்புறம் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி முயல் மாதிரி ஏறுகிறான்.

சித்தி: இடுப்பு மூட்டு வலியாக இருக்கலாம், காட்டினால்தான் தெரியும். அந்தப் படி ஏறுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பெரியப்பா: சரிம்மா, காலையில் முதல் ஆளாகப் போகிறேன். பாவம், திட்டிவிட்டேன்.