கிணற்றில் குளோரின் நிற்கவில்லை, யோசனை சொல்லுங்கள்

வெள்ளம் புகுந்த பொதுக்கிணறு. விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர். சுமார் 28,000 லிட்டர். சேறு இறைத்தாயிற்று. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் 70 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போதும். வெள்ளநீர் என்பதால் 140 கிராம். வாளியில் குழைத்து, 10 நிமிடம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் கிணற்றில் கலந்தோம் (அடியில் தங்கும் சுண்ணாம்பு விழுந்தால் தண்ணீர் கடினமாகும்).

ஒரு மணி நேரம் கழித்து ஆர்த்தோடொலிடின் (குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கும் சோதனைத் திரவம்) விட்டால் உடனே மஞ்சள் வரவில்லை. சில நிமிடம் கழித்தே லேசாகத் தெரிகிறது.

மூட்டை பிரித்துப் பல மாதமாயிற்று, பவுடரில் வீரியம் குறைந்திருக்கலாம். ஆனால் தனிக் குளோரின் என்றால் நிறம் உடனே வரும்; தாமதிப்பதைப் பார்த்தால் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. 15 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டிய செப்டிக் டேங்க் 8 மீட்டரில் இருக்கிறது. அதிலிருந்து கழிவு கசிந்து அம்மோனியா வருகிறதோ என்பதுதான் பயம்.

புதுப் பவுடர் வாங்கி அளவைக் கூட்டலாமா, முதலில் அம்மோனியா, நைட்ரேட் (இதுவும் கழிவுக் கசிவால் தண்ணீரில் சேரும் உப்பு) சோதனையா? உறை இணைப்புகளை மேலிருந்து 3 மீட்டர்வரை சிமென்ட் பூசினால் கசிவு நிற்குமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். இப்போதைக்குக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள்; நைட்ரேட் இருந்தால் காய்ச்சக் காய்ச்ச அது செறிவுதான் ஆகும்.