சிங்கப்பூர், ஜூலை 21: பாப்பா என்ன உடுத்துவது? (எங்கள் குடும்பக் குழுவிலிருந்து)

நான்: பாப்பா பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. அடுத்த திங்கள் இன நல்லிணக்க நாள். விருப்பப்பட்டவர்கள் வேறு இனத்தின் பாரம்பரிய உடையில் வரலாமாம். அவளுக்கு மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் வேண்டுமாம். யாரிடமாவது 9 வயது அளவில் இருக்கிறதா?

அண்ணி: கேலாங் சிராய்ச் சந்தையில் நிறைய கிடைக்கும். சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் போகிறேன், பார்த்து வாங்கி வரவா?

நான்: வாங்கிவிடுங்கள் அண்ணி. ஆனால் ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. போன வருடம் அவள் திரும்பி வந்ததும், "இந்த நாள் எதற்கு?" என்று கேட்டேன். "அன்றைக்கு எல்லாரும் துணி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் அம்மா" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணன்: என் பையனுக்கும் அதேதான். ஐந்து கல் விளையாடினார்கள், குவே பலகாரம் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். 1964இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்ட நாள் என்று நான் சொன்னதும் நம்பவே இல்லை.

அண்ணி: சின்னப் பிள்ளைகளிடம் கலவரத்தைப் பற்றிப் பேச வேண்டுமா? எனக்கு அது பயமாக இருக்கிறது. சேர்ந்து விளையாடினாலே பாதி வேலை முடிந்தது.

அண்ணன்: விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1997இல் பள்ளிகளில் இதைத் தொடங்கியதே 1964ஐ மறக்கக்கூடாது என்றுதானே. அந்த ஜூலையில் மட்டும் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். அதைச் சொல்லாமல் உடையை மட்டும் மாற்றினால் பிள்ளைக்கு என்ன புரியும்?

அப்பா: நான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள், மெதுவாகத்தான் வரும்.

அப்பா: எனக்கு அப்போது 10 வயது. செவ்வாய்க்கிழமை. நபிகள் நாயகம் பிறந்தநாள், பள்ளி விடுமுறை. பாடாங் திடலிலிருந்து கேலாங் பக்கம் ஊர்வலம் போகும், அதைப் பார்க்கப் பெரியவர்கள் கிளம்பினார்கள். சாயங்காலம் ஓடி வந்தார்கள். இரவு ஊரடங்கு.

அப்பா: எங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு இடது பக்கம் மலாய்க் குடும்பம், வலது பக்கம் சீனக் குடும்பம். இரண்டு வீட்டுப் பையன்களோடும் நான் கோலி விளையாடுவேன். ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தும்போது என் அம்மா கடைக்கு ஓடி, கிடைத்த அரிசியைப் பின்வேலி வழியாக இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

அப்பா: ஒரு மாதத்தில் சீனக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. அந்தப் பையன் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவனுடைய கோலிகள் கொஞ்சம் என்னிடமே தங்கிவிட்டன.

அத்தை (ஜொகூர், மலேசியா): அண்ணா, இதை இத்தனை வருடத்தில் என்னிடம்கூடச் சொன்னதில்லையே.

அப்பா: நீ கைக்குழந்தை அப்போது.

நான்: அப்பா, இதை பாப்பா வகுப்பில் வந்து சொல்வீர்களா? நான் ஆசிரியருக்கு எழுதிக் கேட்கிறேன்.

அண்ணி: இப்படிச் சொன்னால் சரி மாமா. இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அத்தை (ஜொகூர்): பாப்பா தைப்பூசத்துக்கு விடுப்பு எடுத்ததையும் ஆசிரியரிடம் பேசு கண்ணு. அன்று எழுத்துக்கூட்டல் தேர்வு போய்விட்டது என்று அழுதாளே. எங்கள் மாநிலத்தில் தைப்பூசத்துக்குப் பள்ளி விடுமுறை, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

அண்ணன்: இங்கே சிங்கப்பூரிலும் 1968 வரை இருந்தது அத்தை. அந்த வருடம் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசமும் போனது, நபிகள் பிறந்தநாளும் போனது. நமக்கு மட்டும் நடந்ததில்லை.

நான்: விடுமுறை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தேன். காவடி பார்க்கப் போன பிள்ளைக்கு அந்தத் தேர்வை மறுநாள் வைத்திருக்கலாம். அதையும் எழுதுகிறேன்.

அத்தை (ஜொகூர்): பெயர்களும் முக்கியம். இங்கே 2020 ஜனவரியில் பொங்கலை இந்துக்களின் சமய விழா என்று குறிப்பிட்டு கல்வி அமைச்சிலிருந்து பள்ளிகளுக்குக் கடிதம் போய்ப் பெரிய விவாதம் ஆனது. தமிழ்ப்பள்ளித் திடலில் எல்லாரும் சேர்ந்து பானை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வலித்தது. ஒரு விழாவைப் பற்றி அதைக் கொண்டாடுகிறவர்களிடமே கேட்டுவிட்டு எழுதலாமே.

அண்ணி: அது உண்மை. போன தீபாவளிக்கு பாப்பா வகுப்பில் "இந்தியர்களின் புத்தாண்டு" என்று அட்டை செய்யச் சொன்னார்களே. கேட்டிருந்தால் அவளே திருத்தியிருப்பாள்.

(மறுநாள்)

நான்: ஆசிரியர் பதில் அனுப்பிவிட்டார்! திங்கள் காலை 15 நிமிடம் தருகிறார். விழா விடுப்பு நாள் தேர்வுகளை இனி மறுநாள் எழுத விடுவதாகவும் சொன்னார். அட்டை விஷயத்துக்கு வருத்தம் தெரிவித்தார். தீபாவளிக்கு முன் எங்களிடம் கேட்பாராம்.

அப்பா: ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா? எனக்கு நடுநடுவே மலாய் வந்துவிடும்.

நான்: வரட்டும் அப்பா. வகுப்பில் அது புரியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்பா: சரி. பாப்பா பாஜு குரோங்கே போடட்டும். என் வேட்டியைத் தேய்த்து வை. அப்புறம் என் அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். கோலிகள் அதில்தான் இருக்கின்றன. அதையும் எடுத்து வை.