ஊர்ல வீட்டுக்கே வந்த பிரஷர் மாத்திரை நின்னு போச்சு, யார்கிட்ட போய் கேக்கறது?

ஏரிக்கரை_பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரகடத்துல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை பாக்கறேன், சொந்த ஊரு திண்டிவனம் தாண்டி உள்ள போகணும். அம்மாவுக்கு 63 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்ற அரசு திட்டம் எங்க ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒரு அக்கா வீட்டுக்கே வருவாங்க, திண்ணையில உக்காந்து அம்மா கைல பட்டைய சுத்தி பிரஷர் பாப்பாங்க, விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாப்பாங்க, மாத்திரைய எண்ணி குடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு போவாங்க. அந்த அக்கா குடும்பத்தோட திருப்பூர் போய்ட்டாங்க, நாலு மாசம் ஆச்சு, அவங்க இடத்துக்கு யாரும் வரல. ஆரம்ப சுகாதார நிலையம் எங்க ஊர்லேர்ந்து 7 கிலோமீட்டர், காலைல ஒரு டவுன் பஸ்சு, அத விட்டா ஷேர் ஆட்டோ. அம்மா 100 நாள் வேலைக்கு போற ஆளு, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு போனா ஒரு நாள் கூலி போச்சு.

போன வாரம் ஊருக்கு போனப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. சாமி படத்துக்கு கீழ ஆணில ஒரு மஞ்சப்பை மாட்டியிருக்கும், அதுலதான் மாத்திரை. எடுத்து பாத்தா நாள்காட்டி தாள கிழிச்சு சின்ன சின்னதா பொட்டலம் கட்டி வச்சிருக்கு, ஒவ்வொண்ணுலயும் பாதி மாத்திரை. என்னம்மா இதுன்னு கேட்டா "தீந்துட்டா என்ன பண்றது, அதான் பாதி பாதியா போட்டுக்கறேன், மேல வீட்டு அத்தைக்கும் கொஞ்சம் குடுத்தேன், அதுக்கும் அதே மாத்திரதானே"ங்குது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. டவுன்ல கூட்டிட்டு போய் பாத்தா பிரஷர் 176க்கு 100. ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரியப்பாவுக்கு போன மாசம்தான் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு, அவரும் மாத்திரை நிறுத்தினவருதான்.

அம்மாவுக்கு நான் வாங்கி குடுத்துடுவேன், அது பிரச்சினை இல்ல. ஊர்ல இப்படி எத்தன பேர் பாதி மாத்திரைல ஓட்டிட்டு இருக்காங்கன்னு நெனச்சா தூக்கம் வரல. சுகாதார நிலையத்துல போன் பண்ணி கேட்டேன், ஆள் போடுவாங்க சார்னு சொல்லி வச்சிட்டாங்க. எங்க போய் கேட்டா வேலை நடக்கும்? ஊருக்குன்னு நாமளே செய்யற மாதிரி ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_எச்_ஐ:

தம்பி, நான் சுகாதார ஆய்வாளரா 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். கிணத்துல பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தின காலத்துலேர்ந்து டெங்கு கொசுப்புழு தேடி டயர கவுத்த காலம் வரைக்கும் பாத்தாச்சு. ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லிடறேன், நீ தனியா போன் பண்ணி கேட்டா "ஆள் போடுவாங்க"ன்னுதான் பதில் வரும், அவங்க மேலயும் முழுக்க தப்பு சொல்ல முடியாது, ஒருத்தர் கேட்டா அது ஒருத்தரோட தேவை. பேர் எழுதின லிஸ்ட்டோட போனா அது ஊரோட தேவை, அத ஒதுக்கி வைக்க முடியாது.

அதனால முதல் வேலை ஒரு நோட்டு போடு. தெரு வாரியா பேரு, வயசு, சுகரா பிரஷரா ரெண்டுமா, எந்த மாத்திரை, கடைசியா எப்ப கைக்கு வந்துச்சு, நடக்க முடியுமா முடியாதா. இவ்வளவு போதும். அத எடுத்துட்டு முதல்ல உங்க துணை சுகாதார நிலையத்துல இருக்கற கிராம சுகாதார செவிலியர பாரு, நம்ம ஜனங்க நர்சம்மான்னு கூப்பிடுவாங்களே அவங்கதான். பல ஊர்ல அங்கேயே இடைநிலை சுகாதாரப் பணியாளர்னு இன்னொரு நர்சும் இருக்காங்க, இந்த சுகர் பிரஷர் வேலையெல்லாம் அவங்க பொறுப்புதான். அங்க நகரலன்னா வட்டார மருத்துவ அலுவலர், அதுக்கும் மேல மாவட்ட சுகாதார அலுவலர். 104க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணலாம், முதல்வரோட உதவி மையம் 1100ம் இருக்கு. புகார் எண் வாங்கி நோட்டுல எழுதிக்க, அத விட்டுடாத.

ரெண்டாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது. ரோடு, லைட்டு, தண்ணி டேங்க்குன்னு பேசுவாங்க, மாத்திரைய பத்தி யாருமே பேச மாட்டாங்க. இத்தன வருஷத்துல எனக்கு பெரிய ஆதங்கம் அதுதான். எங்க ஊருக்கு மகளிர் சுகாதார தன்னார்வலர், அதாவது வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற அக்கா இல்ல, இத்தன பேர் மாத்திரை இல்லாம இருக்காங்க, உடனே ஆள் நியமிக்கணும்னு தீர்மானம் போட வை. அந்த அக்காங்களெல்லாம் சுய உதவிக் குழுவுலேர்ந்து எடுத்தவங்கதான், அதனால உங்க ஊர் குழுவுல யார் வர தயாரா இருக்காங்கன்னு முன்னாடியே பேசி பேரோட போ, வேலை பாதி முடிஞ்சா மாதிரி.

இன்னொண்ணு, கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுன்னு ஊர் ஊருக்கு இருக்கு. ஊராட்சித் தலைவரும் நர்சம்மாவும் அதுல இருப்பாங்க, வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரைக்கும் நிதி உண்டு. சின்ன தொகைதான், ஆனா ஒரு பிரஷர் மெஷின், கெட்டுப் போன பேட்டரி, நடக்க முடியாதவங்கள ஒரு நாள் வண்டி வச்சு கூட்டிட்டு போறது, இதுக்கெல்லாம் கேட்டுப் பாக்கலாம். அந்தக் குழு கடைசியா எப்ப கூடுச்சுன்னு கிராம சபையில மரியாதையா ஒரு கேள்வி கேளு.

மருந்து இல்லன்னு யாராவது சொன்னாலும் அப்படியே திரும்பி வராத. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994லேர்ந்து இருக்கு, மாவட்டத்துக்கு மாவட்டம் மருந்துக் கிடங்கு இருக்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் மாதிரி ஒண்ணு உண்டு, இருக்கற தொகைக்கு மருந்து எடுத்துக்கலாம். நம்ம ஊர் பிரஷர் மாத்திரை அட்டைல விற்பனைக்கு அல்லன்னு போட்டிருக்கும் பாரு, அது அங்கேர்ந்து வர்றதுதான். 1939லயே பொது சுகாதாரத்துக்குன்னு தனிச் சட்டம் போட்ட மாகாணம்பா இது, கட்டமைப்பு நிக்குது. கடைசி 7 கிலோமீட்டர்லதான் அறுந்து போகுது, அத ஊர்க்காரங்கதான் இழுத்து கட்டணும்.

---

மாத்திரை_அக்கா:

தம்பி நான் டெல்டா பக்கம் தன்னார்வலரா இருக்கேன், உங்க அம்மா கதைய படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா நாள்காட்டி தாள் பொட்டலம் நானும் நெறைய வீட்ல பாத்திருக்கேன். சில பேர் முந்தானைல முடிஞ்சு வச்சிருப்பாங்க, வியர்வைல ஊறி பொடியா போயிருக்கும்.

எச்.ஐ சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. புதுசா அக்கா வந்தாலும் மாத்திரை குடுத்தாங்களான்னு மட்டும் பாக்காதீங்க, பிரஷர் எவ்வளவுன்னு சொன்னாங்களான்னு கேளுங்க. சிலர் மாத்திரைய வாங்கி வச்சிட்டு தல சுத்தினா மட்டும் போடுவாங்க. சுகர் பெரிய மாத்திரை போட்டா வயித்த பெரட்டுதுன்னு ரகசியமா நிறுத்திடுவாங்க, சாப்பாட்டோட போடுங்கன்னு சொன்னா முக்காவாசி பேருக்கு சரியாயிடும், ஆனா நின்னு கேட்டாதான அவங்க சொல்லுவாங்க? நான் பழைய அட்டைய வாங்கி காலி குழிய எண்ணி பாப்பேன். 30 குடுத்தா 30 குழி காலியா இருக்கணும். 18 காலியா இருந்தா உக்காந்து பேசுவேன்.

அப்பறம் நேரம். 10 மணிக்கு போனா நடவு, களை, 100 நாள் வேலைன்னு ஊரே காலியா இருக்கும், பூட்டின வீட்ட பாத்துட்டு ஆள் இல்லன்னு எழுத வேண்டியதுதான். நான் காலைல ஆறரைக்கு கெளம்பிடுவேன், அடுப்படில நிக்கறப்பவே புடிச்சிடுவேன். உங்க ஊர்லயும் எந்த நேரத்துக்கு வந்தா ஆள் இருப்பாங்கன்னு நீங்களே பேசி வச்சு சொல்லிட்டீங்கன்னா வர்ற பொண்ணுக்கு பெரிய ஒத்தாசை. குடிக்க ஒரு சொம்பு தண்ணியும் குடுங்க, வெயில்ல நடக்கறோம்.

படுத்த படுக்கையா இருக்கறவங்க லிஸ்ட்டு தனியா எழுதுங்க. இந்த திட்டத்துலயே வலி நிவாரண நர்சு, பிசியோதெரபி பண்றவங்க வீட்டுக்கு வருவாங்க, கை கால் இழுத்துக்கிட்ட உங்க பெரியப்பாவுக்கு அவங்க கண்டிப்பா வரணும். ஆரம்பத்துலயே கை காலுக்கு பயிற்சி குடுத்தாதான் கொஞ்சமாவது எழுந்து நடப்பார், அதனால அவர் விஷயத்த மட்டும் கிராம சபை வரைக்கும் வைக்காம நாளைக்கே போய் சொல்லுங்க.

---

செம்மண்_ரோடு:

எனக்கு இதுல நம்பிக்கை கம்மி ப்ரோ. எங்க அப்பாவுக்கு மூணு தடவ போய் திரும்பி வந்தோம், கடைசில பிரைவேட்லயே பாத்துக்கறோம், மாசம் ரெண்டாயிரம் போகுது. உங்களால முடியும்னா அம்மாவ பிரைவேட்ல காட்டிடுங்க, ஊருக்காக அலையறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது.

---

ஏரிக்கரை_பையன்:

@செம்மண்_ரோடு அண்ணா உங்க கோபம் புரியுது. அம்மாவுக்கு உடனே டவுன்ல மாத்திரை வாங்கி குடுத்துட்டுதான் வந்தேன். ஆனா மேல வீட்டு அத்தைக்கு புள்ளைங்க இல்ல, மாசம் ரெண்டாயிரத்துக்கு அது எங்க போகும்? அதுக்காகத்தான் கேக்கறேன்.

---

கம்யூனிட்டி_மெடிசின்_பிஜி:

நான் சமூக மருத்துவம் மேற்படிப்பு படிக்கறேன், ஃபீல்டுல கிராமத்துக்குத்தான் போறோம், அதனால ரெண்டு விஷயம் சேக்கறேன்.

2020ல நம்ம மாநிலத்துல சுகர், பிரஷர் மாதிரி நோய்கள பத்தி எடுத்த ஸ்டெப்ஸ்ங்கற ஆய்வுல பிரஷர் இருக்கறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள்ள இருந்துச்சு, சுகர்ல 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினதுக்கு அப்பறம் மறுபடி எடுத்த ஆய்வுல பிரஷர் 17 சதவீதம், சுகர் 16.7 சதவீதத்துக்கு வந்திருக்கு. பிரஷர் கட்டுப்பாடு ரெண்டு மடங்குக்கு மேல ஏறினது பெரிய விஷயம், திட்டத்துக்கு 2024ல ஐ.நா. விருதும் கிடைச்சுது, இதுக்கெல்லாம் இங்க பதில் எழுதின மாத்திரை அக்கா மாதிரி ஆளுங்க நடந்த நடைதான் காரணம். ஆனா அதே கணக்க திருப்பி பாருங்க, இன்னமும் ஆறு பேருக்கு அஞ்சு பேர் கட்டுப்பாட்டுல இல்ல. உங்க அம்மா மாதிரி ஆளு பதிவேட்டுல மாத்திரை வாங்கறவங்க கணக்குல இருப்பாங்க, உடம்புல 176க்கு 100 இருக்கும். அதனால உங்க நோட்டுல கடைசி பிரஷர் எவ்வளவுன்னு ஒரு கட்டம் சேத்துடுங்க, எனக்கு தெரிஞ்சு அதுதான் முக்கியமான கட்டம்.

அம்மா விட்டத புடிக்கிறேன்னு ஒரே நேரத்துல ரெண்டு மூணு மாத்திரை போட வேண்டாம்னு சொல்லுங்க, டாக்டர்கிட்ட காட்டி அளவ புதுசா எழுதி வாங்குங்க, சுகர் இருக்கறதால பாதத்தையும் கண்ணையும் சேத்து பாக்க சொல்லுங்க. மாத்திரைய பகிர்ந்துக்கறதும் வேண்டாம், ஒரே கலர்ல இருந்தாலும் அளவு வேறயா இருக்கும்.

இன்னொரு விஷயம் ஊர்ல எல்லாருக்கும் தெரியணும். இதயம் காப்போம் திட்டம்னு 2023லேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் நெஞ்சுவலிக்கு முதல் டோஸ் மாத்திரை வச்சிருக்காங்க, மொத்தம் 14 மாத்திரை, ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. நெஞ்சுவலின்னா வாயுன்னு சொல்லி சோடா குடிச்சிட்டு விடிய விடிய உக்காராம 108க்கு போன் போட்டுட்டு கிட்ட இருக்கற நிலையத்துக்கு போகணும், பாத்துட்டு அவங்க குடுப்பாங்க, வீட்ல வாங்கி வச்சு நாமளா போடற மாத்திரை இல்ல இது. கிராம சபைல மைக் கிடைச்சா இத ரெண்டு நிமிஷம் பேசிடுங்க.

---

ஏரிக்கரை_பையன் (அஞ்சு வாரம் கழிச்சு):

என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல, அதான் வந்தேன். நானும் எங்க தெரு பொண்ணுங்க ரெண்டு பேரும், ஒண்ணு பிளஸ் டூ, இன்னொண்ணு நர்சிங் படிக்குது, மூணு ஞாயித்துக்கிழமை வீடு வீடா போனோம். பத்து இருபது பேர் இருப்பாங்கன்னு நெனச்சேன், நோட்டுல 58 பேர் வந்தாங்க. அதுல 37 பேர் கைல மாத்திரையே இல்ல, இல்லன்னா பாதி பாதியா போட்டுட்டு இருக்காங்க. நாலு பேரு படுக்கை. மேல தெருவுல ஒரு பாட்டி எங்கள பாத்து "நீங்கதான் புது மாத்திரக்காரங்களா"ன்னு கேட்டு உள்ள போய் பாய் எடுத்து போட்டுது, இல்ல பாட்டின்னு சொல்ல கஷ்டமா இருந்துச்சு.

பெரியப்பா விஷயம் அக்கா சொன்ன மாதிரி மறுநாளே போய் நர்சம்மாகிட்ட சொன்னோம், ஒரு வாரத்துல பிசியோதெரபி மேடம் வந்துட்டாங்க, இப்ப செவுத்த புடிச்சுட்டு நாலு எட்டு வைக்கறார். ஆகஸ்ட் 15 கிராம சபைல நோட்ட அப்படியே படிச்சோம், பேர் சொல்லாம தெரு தெருவா எண்ணிக்கை மட்டும். கூட்டம் அமைதியாயிடுச்சு. தீர்மானம் எழுதி கையெழுத்து ஆச்சு. சுய உதவிக் குழுவுலேர்ந்து ரெண்டு பேர் பேர் குடுத்திருக்கோம், ஆள் போடற வரைக்கும் நர்சம்மா செவ்வாய்க்கிழமை சாயந்திரம் 5 மணிக்கு பள்ளிக்கூடத்து திண்ணையில உக்கார ஒத்துக்கிட்டாங்க, வேலைக்கு போய்ட்டு வர்றவங்களுக்கு அது வசதி. குழு நிதி பத்தி கேட்டோம், அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னாங்க, அக்டோபர் 2ம் தேதி மறுபடி கேப்போம்.

அம்மாவுக்கு டாக்டர் மாத்திரைய மாத்தி எழுதினார். போன செவ்வாய் 148க்கு 90. அத்தைக்கு இன்னும் 160க்கு மேலதான் இருக்கு, அடுத்த வாரம் நானே லீவு போட்டு கூட்டிட்டு போறேன். எச்.ஐ சார், அந்த நோட்டுல மாசா மாசம் எப்படி எழுதினா எல்லாருக்கும் புரியும்னு ஒரு மாதிரி போட்டு குடுக்க முடியுமா? பொண்ணுங்க ரெண்டும் கேக்குதுங்க.